வாய்க்கால் கரையில் உட்கார்ந்தால் கவலை கூடுகிறதே, ஏன்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயது 48. ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலம், கூடவே உரக்கடையில் கணக்கு எழுதும் வேலை. சம்பா நடவு முடிந்துவிட்டது. இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. சொசைட்டிக் கடன், நகைக்கடன், கடைப் பாக்கி என்று கணக்கே ஓடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். வெளியூரில் படிக்கும் மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்து, ‘இயற்கையோட உக்காந்து மைண்ட்ஃபுல்னெஸ் பண்ணுங்கப்பா’ என்றாள். எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் தினம் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். எண்ணம் இன்னும் அதிகமாகிறது. ஒரு பக்கம் போர்செட் சத்தம், ஒரு பக்கம் கோயில் மைக். போகிறவர் வருகிறவரெல்லாம் ‘என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?’ என்று கேட்கிறார்கள். வெறுங்காலோடு மண்ணில் நிற்கவும் சொல்கிறது ஆப். இதெல்லாம் எனக்கு ஒத்துவராதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஒத்துவரும். மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, அவ்வளவுதான். உட்காரும் இடத்தை மாற்றுங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள். இடத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆப்பை எழுதியவர்கள் மனதில் வைத்திருப்பது பகலெல்லாம் அலுவலகத்தில் அடைந்து கிடக்கும் ஆளை. அவருக்கு வயல் என்பது வெறும் பச்சை. உங்களுக்கு அது வேலை செய்யும் இடம். உங்கள் வரப்பில் உட்கார்ந்தால் உங்கள் கண் சும்மா இருக்காது. பயிர் வேர் பிடித்துவிட்டதா, இலை மஞ்சள் ஓடுகிறதா, சுருட்டுப்புழு தெரிகிறதா, நண்டு வளையில் தண்ணீர் கசிகிறதா, மேல்மடைக்காரர் நமக்கு விட்டாரா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ரூபாய்க் கணக்கு இருக்கிறது. நல்ல விவசாயியின் கண் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணை வேலையில் விட்டுவிட்டு, அதே நேரத்தில் ஓய்வும் கேட்டால் கிடைக்காது. இரவில் ஓடும் கணக்கைக் காலையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கத்தான் அந்த இடம் உதவியிருக்கிறது.

அதனால் சொந்த வயல் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். கோயில் குளத்துக் கரை, அரசமரத்து மேடை, பள்ளிக்கூட மைதானத்து ஓரம், ஆற்றங்கரையில் மரம் நிற்கும் இடம், எதுவும் இல்லையென்றால் வீட்டுக் கொல்லை. உங்கள் பக்கத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு பார்க்க அழகான இடம்தான். இருந்தாலும் தலைப்பு, மதகு, ரெகுலேட்டர் எதுவும் உங்களுக்கு வேண்டாம். தண்ணீரைப் பார்த்ததும் எத்தனை கன அடி விட்டிருக்கிறார்கள், மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது, கடைமடைக்குப் போய்ச் சேருமா என்று மனம் கிளம்பிவிடும். அங்கே நீரின் இழுப்பும் அதிகம்.

நடந்து போனால் பத்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தூரம் என்றால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். தென்னை மரத்தடி கூடாது, மட்டையும் காயும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எலியும், எலியைத் தேடும் பாம்பும் மேடான கரைக்குத்தான் ஏறும். வளை தெரிகிற கரையில் தரையோடு உட்காராதீர்கள். நன்றாக வெளிச்சம் வந்தபின் போங்கள். ஒரு கம்பால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சம்மணம் போட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பக்கத்து வயலில் மருந்து அடித்திருந்தால் அன்று வேறு இடம்.

நேரம் காலை 6 முதல் 7 மணிக்குள். அந்த வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்யவும் உதவும். உங்களுக்கு அது கூடுதல் லாபம். மாலை என்றால் நாலரை முதல் ஐந்தரை, பொழுது சாய்ந்தால் கொசு விடாது. காலைச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போய் உட்காராதீர்கள். திடீரென்று வியர்த்தாலோ கை நடுங்கினாலோ சர்க்கரை இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். அதைப் பயிற்சியில் வரும் ஏதோ அனுபவம் என்று எண்ணி உட்கார்ந்தே இருந்துவிடக் கூடாது.

அடுத்தது கண். கண்ணை மூடியதும் வெளியிலிருந்து வரும் செய்தி பெரும்பகுதி நின்றுபோகிறது. அந்த இடத்தை மூளை தனக்கு நன்றாகப் பழகிய சரக்கால் நிரப்புகிறது. படுக்கையில் விளக்கை அணைத்ததும் நடப்பதும் இதேதான். கவலை அதிகம் உள்ளவர்களுக்கும், பெரிய துக்கத்தையோ விபத்தையோ கடந்து வந்தவர்களுக்கும் தொடக்கத்திலேயே கண்ணை மூடச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறந்த கண்ணோடு, புலன் ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு வேலை கொடுப்போம். முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போதும். போனில் அலாரம் வைத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள், ஆப் வேண்டாம். போட்டோவும் எடுக்காதீர்கள். எடுத்தால், யாருக்கு அனுப்பலாம் என்று மனம் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

முதல் ஒரு நிமிடம் உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். தொடை நாற்காலியில் அழுந்துகிறது, பாதம் செருப்பில் அழுந்துகிறது, முதுகு நாற்காலியில் சாய்கிறது. மூச்சை மாற்ற வேண்டாம்.

பிறகு நான்கு நிமிடம் பார்வை. முதல் ஒரு நிமிடம் எதையும் குறிவைக்காமல், கழுத்தைத் திருப்பாமல், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை கண்ணில் விழுவதை மொத்தமாக விழவிடுங்கள். அதன்பின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஒரு பொருள். காலையில் அதற்கு வாகானது புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. நெல்லிலும் அருகம்புல்லிலும் இலை நுனியில் முத்து முத்தாக நிற்பதை நாம் பனி என்று சொல்லிவிடுகிறோம். அதில் பெரும்பகுதி செடியே வெளியேற்றிய நீர். இரவில் வேர் இழுத்த தண்ணீர் ஆவியாகப் போக வழியில்லாமல் இலை நுனியில் உள்ள நுண்துளை வழியாகக் கசிந்து நிற்கிறது. ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை அருகில் கொண்டுபோனால் அதற்குள் வானம் கீழேயும் கரை மேலேயும் தலைகீழாகத் தெரியும். காற்று வந்தால் துளி ஒரு பக்கம் கனத்துத் தொங்கி, விழாமல் திரும்பவும் உருண்டைக்கு வரும். வெயில் ஏற ஏறச் சிறுத்துப்போகும். அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. அழகாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

துளி இல்லாத நாளில் தட்டான் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் அதற்குப் பஞ்சமே இல்லை. குச்சி நுனியில் இருந்து எழும்பி ஒரு சுற்றுப் போய்விட்டுப் பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பி வரும் வகைகள் உண்டு. உட்காரும்போது இறக்கையை முன்னுக்குச் சாய்க்கிறதா, எத்தனை காலால் பிடித்திருக்கிறது என்று கவனியுங்கள்.

இதற்கு நடுவே ‘யூரியாவுக்குப் பணம்’ என்று வரும். வராமல் இருக்காது. வந்ததும் மனதுக்குள் ‘கணக்கு’ என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, கண்ணைத் துளிக்குத் திருப்புங்கள். விரட்ட வேண்டாம், பதில் தேட வேண்டாம், ‘மறுபடி வந்துவிட்டதே’ என்று நொந்துகொள்ளவும் வேண்டாம். நான்கு நிமிடத்தில் இருபது முறை வந்து இருபது முறை திருப்பினால் அன்று பயிற்சி நன்றாக நடந்தது என்று பொருள். இந்தத் திருப்புதல்தான் பயிற்சி. எண்ணமே இல்லாத நிலை வரும் என்று காத்திருப்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். ‘சாந்தி வந்துவிட்டதா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும் இன்னொரு கணக்குதான், அதற்கும் அதே சொல்லைச் சொல்லித் திரும்புங்கள்.

அடுத்த நான்கு நிமிடம் கேட்பது. டெல்டாவில் சத்தமில்லாத காலை என்று ஒன்று கிடையாது. அமைதி வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் போர்செட் பகையாகத் தெரியும். சத்தத்தை விட, ‘இது நிற்க மாட்டேன் என்கிறதே’ என்ற நினைப்புதான் அதிகம் குடைகிறது. அதனால் போர்செட்டிலிருந்தே தொடங்குங்கள். அதில் ஒரே சத்தமா இருக்கிறது? மோட்டாரின் இரைச்சல் தனி. குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் தனி. அது சீராக விழுகிறதா, நடுவில் விக்குகிறதா? தொட்டி நிரம்பி வாய்க்காலில் வழியும் இடத்தில் இன்னொரு சின்னச் சத்தம் இருக்கும். பிறகு அதைத் தாண்டிப் போங்கள். கம்பியில் கரிச்சான், புதருக்குள் செம்போத்தின் அடித்தொண்டைக் கூவல், தூரத்தில் ஆள்காட்டி, அதற்கும் அப்பால் பஸ் ஹாரன். அருகிலிருந்து தூரத்துக்கு, தூரத்திலிருந்து அருகுக்கு. பறவையின் பெயர் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா, இரண்டு கூவலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால் போதும்.

கோயில் மைக் மட்டும் வேறு வகை. அதில் சொல் இருக்கிறது. சொல் காதில் விழுந்தால் மூளை பொருளைத் தேடிப் போகும், பாட்டு தெரிந்ததென்றால் கூடவே பாடத் தொடங்கிவிடும். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மைக் பாடும் நாளில் கேட்கும் பகுதியை விட்டுவிட்டு அந்த நான்கு நிமிடத்தையும் கைக்குக் கொடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

கை என்று சொன்னதும் வெறுங்கால் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் நிற்கக் கூடாது. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி நமக்கே தெரியாமல் குறைந்திருக்கலாம். நெருஞ்சியோ நத்தை ஓடோ கிழித்தது வீட்டுக்கு வந்துதான் தெரியும், அந்தப் புண் ஆற நாளாகும். தேங்கிய சேற்றுத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் இருக்கும் வெட்டு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு. வயல் வேலைக்கு இறங்குவதைத் தவிர்க்க முடியாது என்பது தெரியும். இறங்கிய நாளில் இரவு காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். பயிற்சிக்காக ஒருமுறை கூடுதலாக இறங்க வேண்டிய அவசியமே இல்லை. தொடும் வேலையைக் கை செய்யட்டும். மரப்பட்டையின் வெயில் படும் பக்கத்தையும் படாத பக்கத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள், சூட்டில் வித்தியாசம் தெரியும். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் மணிக்கட்டு வரை நனைத்துக் காற்றில் நீட்டுங்கள். காயும்போது முதலில் எந்த இடம் குளிர்கிறது என்று கவனியுங்கள். மனம் ரொம்ப அலையும் நாளில் மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஈரக்கை நன்றாக வேலை செய்யும்.

மூக்குக்கு இரண்டு நிமிடம், அதற்கு மேல் பயனில்லை. ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு சீக்கிரம் பழகி அதை விட்டுவிடும். ஒரு துளசி இலையையோ நொச்சி இலையையோ கசக்கி, மூன்று மூச்சு முகர்ந்துவிட்டுக் கையை விலக்குங்கள். அரை நிமிடம் கழித்து மறுபடி முகருங்கள், புதிதாக வரும். எருக்கு, அரளி, பார்த்தீனியம் இவற்றைக் கசக்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. முதல் மழை விழும் நாளில் கசக்க எதுவும் தேவையில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் மண்வாசனையின் பெரும்பகுதி. அது மிக மிகச் சிறு அளவில் இருந்தாலும் மனித மூக்கு பிடித்துவிடும்.

கடைசி நிமிடம் நாக்கு. கரையில் பறித்த எதையும் வாயில் போடாதீர்கள், அதில் எந்த மருந்து பட்டிருக்கிறதோ. வீட்டிலிருந்து ஒரு பெருநெல்லிக்காய் கொண்டுபோய் ஒரு கடி கடித்து மெதுவாக மெல்லுங்கள். புளிப்பு முன்னால் வருகிறதா, துவர்ப்பா? பிறகு ஒரு வாய் தண்ணீர். அந்தத் தித்திப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

ஊரார் விசாரிப்பதாக எழுதியிருந்தீர்கள். ‘காத்தாட உக்காந்திருக்கேன்’ என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை மூடி விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் உடம்புக்கு என்னமோ என்று பயந்திருக்கிறார்கள். யாராவது நின்று பேசினால் பேசுங்கள். போனபின் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

இந்த முறை ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதைப் பல வாரப் பயிற்சியாக அமைத்தார், ஜப்பானிய வனத்துறை 1982-இல் காட்டுக்குள் மெதுவாக உலவுவதற்கு வனக்குளியல் என்று பெயரிட்டுப் பரப்பியது, இரண்டும் உண்மை. இதன் வேரில் இருக்கும் பௌத்தப் பயிற்சி உங்கள் மாவட்டத்தை ஒட்டிய நாகப்பட்டினத்துக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் அங்கேதான் இருந்தது.

எவ்வளவு செய்தால் பலன்? வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நேரத்தைக் கூட்டி இருபது நிமிடமாக்குங்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது மரமும் தண்ணீரும் உள்ள வெளியிடத்தில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வித்தியாசமில்லை. வெளியே இருந்ததால்தான் நலம் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை, ஆனால் இலக்கு வைத்துக்கொள்ள நல்ல அளவு. நீங்கள் ஆறு நாள், இருபது நிமிடம் உட்கார்ந்தால் அந்த 120 வந்துவிடும். வயலில் வேலை பார்க்கும் நேரத்தை இதில் சேர்க்காதீர்கள்.

இரவுக் கணக்குக்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது. தினம் மாலை 7 மணிக்கு, படுக்கையறையில் இல்லாமல் திண்ணையிலோ மேசையிலோ, ஒரு நோட்டும் பேனாவுமாகக் கால்மணி நேரம் உட்காருங்கள். ஓடுகிற கணக்கை எல்லாம் எழுதுங்கள்: யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, நாளை இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா. ஒன்றும் இல்லையென்றால் ‘நாளை ஒன்றுமில்லை’ என்றே எழுதி மூடிவிடுங்கள். இரவில் மறுபடி வந்தால் ‘நோட்டில் இருக்கிறது’ என்று சொல்லித் திரும்பலாம். காலையில் துளியைப் பார்த்துத் திரும்பிப் பழகிய மனம் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழகும். கடனை இது அடைக்காது. சொசைட்டியில் தவணை பேசுவதற்கு வேண்டிய தெளிவு, தூங்கி எழுந்தவருக்குத்தான் இருக்கும்.

இன்னொன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை 3 மணிக்கு விழித்து அழுகை வருகிறது என்றால், அல்லது ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்று ஒருமுறை தோன்றினாலும் கூட, கரையில் உட்கார்ந்து சரிசெய்ய முயலாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அப்படி எண்ணம் வரும் நாட்களில் வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதினால் சாப்பிடுங்கள், ‘இப்போது மனசு லேசாக இருக்கிறது’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஐப்பசி அடைமழை வந்துவிடும், அப்போது என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். மழை நாளில் வாசல் திண்ணைக்கு மாறுங்கள். ஓட்டு விளிம்பிலிருந்து விழும் தாரையில் ஒன்றைப் பார்ப்பது, தகரத்தில், வாழை இலையில், தரையில் விழும் மழையின் சத்தத்தைப் பிரித்துக் கேட்பது, இரவில் தவளைகள் ஒன்றாக நின்று ஒன்றாகத் தொடங்குவதைக் கவனிப்பது என்று வேலைக்குக் குறைவில்லை. உங்கள் மனைவிக்கும் இந்தத் திண்ணைப் பயிற்சி உதவும். கரையில் தனியாகப் போய் உட்காரப் பெண்களுக்கு வசதிப்படுவதில்லை என்பதால் அவர்கள் கொல்லையிலேயே மழையில்லாத நாளிலும் செய்யலாம். இடி கேட்டுவிட்டால் மட்டும் திறந்த கரை, மரத்தடி, குளத்துப் படி எல்லாவற்றையும் விட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆனபின் வெளியே போகலாம்.